டப்பாவுக்குள் இருந்து பார்த்தால்

அலுவலகத்தில் அவனுக்கு ரூட்டு என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே கொஞ்சம் தயங்கித்தான் திரும்பிப் பார்ப்பான். ரத்தப் பரிசோதனை நிலையங்கள் நடத்தும் நிறுவனம் அது. தெருமுனைகளிலும் சந்தைகளுக்குப் பின்னாலும் அதன் கிளைகள் சிதறிக் கிடந்தன. ஒரு கிளையில் விரல் நீட்டியவரின் சர்க்கரை அளவு இன்னொரு கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் திரைக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால், அது எந்த வழியாகப் போவது என்று யாராவது சொல்லியாக வேண்டும். அந்த யாராவது அவன்தான்.

வழி சொல்கிறவன் என்பதால் ரூட்டு. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டான் என்பதால் அந்தப் பெயரில் ஒரு கிண்டலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நாப்பது வயசாச்சு. ஒரு பொண்ணுக்காச்சும் ரூட்டு விட்டிருப்பாரான்னு கேளுங்க. பேரு மட்டும் ரூட்டு,” என்பான் பக்கத்து மேசைக்காரன்.

அந்தப் பக்கத்து மேசைக்காரனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: டப்பா. ஒரு மென்பொருளை அதற்கு வேண்டிய சாமான்களோடு சேர்த்துக் கட்டி, தனித்தனி கன்டெய்னராக அடைத்து ஓடவிடுவது அவன் வேலை. கன்டெய்னர் என்று முழுசாகச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை, டப்பா என்றார்கள். பிறகு அவனையே டப்பா என்றார்கள். ஆளும் கொஞ்சம் உருண்டையாக இருந்தது வசதியாகப் போயிற்று.

கிண்டல் முடிந்ததும் ரூட்டு உதட்டை லேசாக இழுத்துவிட்டுத் திரைக்குத் திரும்பிவிடுவான். திரையில் அவனுக்குப் பிடித்த உலகம் இருந்தது. அங்கே ஒவ்வொரு கிளையின் இயந்திரமும் பக்கத்து இயந்திரத்திடம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்: இன்னாரிடம் போக வேண்டுமா, என் வழியாக வா. கேட்ட இயந்திரம் நம்பும். நம்பி, தன் பக்கத்து இயந்திரத்திடம் அதையே சொல்லும். அங்கே உண்மையிலேயே ஒரு வழி இருக்கிறதா என்று யாரும் யாரையும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. சொன்னால் சொன்னதுதான். இப்படி ஓயாமல் வழி சொல்லிக்கொண்டும் கேட்டுக்கொண்டும் பின்னணியில் ஓடும் சிறு மென்பொருள்களை டீமன் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, சத்தம் போடாது, செத்துப்போனால்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரியவரும். ரூட்டுவுக்கு அவற்றின் மேல் ஒருவிதப் பாசம் இருந்தது.

வீட்டில் அவன் சின்னவன். மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள்; ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள். அம்மா அந்த ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பாள், மடியில் கம்பளி நூலுருண்டையும் பின்னல் ஊசிகளுமாக. வாரத்தில் விடுமுறை நாளன்று அவன் அக்கா வீட்டுக்குப் போய்வருவான். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே ஊசிகளின் சத்தம் நின்றுவிடும்.

“போனியா?”

“போனேன்.”

“நல்லா இருக்காளா?”

“இருக்கா.”

இதுவரை பேச்சு தடங்கலில்லாமல் போகும். அடுத்த கேள்விக்கு முன்னால் அம்மா நூலில் இல்லாத சிக்கலைப் பிரிப்பாள்.

“ஏதாச்சும் கேட்டாளா?”

“கேட்டா. உன் முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டா.”

“ஆமா, அவ கேட்டதும் வலி ஓடிப்போயிடும்,” என்பாள் அம்மா. ஆனால் அன்றைக்கு அவன் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக விழும்.

அக்கா எதையும் கேட்டிருக்கமாட்டாள்.

அப்பா போன நாளிலிருந்து அம்மாவும் அக்காவும் பேசுவதில்லை. அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது அம்மா வெந்நீர் கொடுத்துப் படுக்கவைத்தாள். வாயுவாக இருக்கும், விடியட்டும் என்றாள். விடிந்தது, அப்பா எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்த அத்தனை சனத்துக்கும் நடுவில் அக்கா சொன்னாள்: “ஒரு வண்டியைக் கூப்பிட்டிருந்தா போதும். நீதான் கொன்னுட்டே.” எல்லோரும் கலைந்துபோன பிறகு அம்மா அக்காவின் பையை எடுத்து வாசலில் வைத்தாள். “இனிமே இந்தப் படியை மிதிக்காதே.” அக்கா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சின்னவன் இரண்டு பேருக்கும் நடுவில், மாடிப்படியின் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தான். ஒரு விதத்தில், அதற்குப் பிறகு அவன் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

நகர்ந்து பார்த்தான், ஒரே ஒரு தடவை. அக்காவுக்குக் குழந்தை பிறந்த சேதி கேட்டு அம்மா உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். பழுப்புத்தாளில் சுற்றி, அக்காவின் விலாசத்தைத் தன் கையாலேயே மேலே எழுதினாள். “வழியில தொலைச்சிடப்போறே. விலாசம் இருந்தா எடுத்தவங்களாச்சும் கொண்டுபோய்க் குடுப்பாங்க,” என்றாள். அவன் கொண்டுபோனான். அக்கா பொட்டலத்தின் மேலிருந்த எழுத்தைப் பார்த்தாள். கையில் வாங்கவில்லை.

“எடுத்துட்டுப் போடா.”

“அக்கா, குழந்தைக்கு...”

“நீ என் தம்பி. நீ எப்ப வேணா வா, சாப்பிடு, தூங்கு. ஆனா இன்னொரு தடவை அவங்க பேரை இந்த வீட்டுக்குள்ள கொண்டுவந்தே, நீயும் வராதே.”

அவளுக்குக் குரல் உயரவில்லை. பொட்டலத்தை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போக முடியாது. குப்பையில் போடக் கை வரவில்லை. அலுவலக மேசையின் அடி இழுப்பறையில், பழைய கேபிள்களுக்கு அடியில் வைத்தான்.

“போட்டுப் பாத்தாளா?” என்று அம்மா கேட்டாள்.

“பாத்தா. கை மட்டும் கொஞ்சம் நீளம்னா.”

“வளர்ற குழந்தை. நீளமாத்தான் பின்னணும். அதுகூடத் தெரியல அவளுக்கு.” அம்மா சிரித்தாள். துக்க வீட்டுக்குப் பிறகு அவன் பார்த்த முதல் சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்காகத்தான் அடுத்த வாரமும் சொன்னான். அதற்கடுத்த வாரமும். பிறகு அது வாரக் கூலி மாதிரி ஆகிவிட்டது. கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

குளிர் தொடங்கும்போதெல்லாம் அம்மா ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். குட்டி எவ்வளவு உயரம் என்று கேட்பாள். அவன் கையை இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே நிறுத்திக் காட்டுவான். அந்த உயரத்தைத் தன் சேலையில் வைத்துப் பார்த்துப் பின்னுவாள். எல்லாம் இழுப்பறைக்குப் போயின. அக்காவுக்கென்று அம்மா தின்பண்டம் கொடுத்துவிட்டால், மறுநாள் அலுவலகத்தில் டப்பா பாதியைக் காலி செய்துவிட்டு, “உங்கம்மா கைக்குத் தங்கக் காப்பு போடணும் சார். இதையெல்லாம் திங்கக் குடுத்துவெச்சவங்க உங்கக்கா,” என்பான். ரூட்டு மற்ற பாதியை மென்றுகொண்டே தலையாட்டுவான்.

இத்தனை வருஷத்தில் அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள். ஒருநாள் சாயங்காலம் அவள் குட்டியோடு அவனைத் தெருமுனைவரை வழியனுப்பக் கிளம்பினாள். வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழைப் போட்டாள். போட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். இழுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

“அவங்க இன்னும் இப்படித்தான் இழுத்துப் பாப்பாங்களா?” என்றாள், கதவைப் பார்த்துக்கொண்டே.

“ம். ரெண்டு தடவை.”

“போ, பஸ்ஸு வந்துடப்போகுது,” என்றாள். அவ்வளவுதான். அவன் பேருந்தில் உட்காரக்கூட முடியாமல், இடம் இருந்தும் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னான். அம்மா நம்பமுடியாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு எதிர்வீட்டுக்காரம்மாவிடம் போய், “எம் பொண்ணு என்னையே உரிச்சுவெச்சிருக்கா, தாழ்ப்பாளக்கூட என்ன மாதிரியே இழுக்கறாளாம்,” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த வருஷம்தான் நிறுவனம் பழைய ரூட்டர் பெட்டிகளை ஓரங்கட்ட முடிவு செய்தது. இனி வழி சொல்லும் டீமன்களும் டப்பாக்களுக்குள் ஓட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வந்தது. ரூட்டுவும் டப்பாவும் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

“டீமன்னா பேய்தானே சார்? பேயைப் பிடிச்சு டப்பாவுல அடைக்கற வேலை. மந்திரம் எதாச்சும் தெரியுமா?” என்றான் டப்பா.

மந்திரம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. எந்தெந்த டீமன் ஓட வேண்டும் என்று ஒரு கோப்பு கேட்கும்; எல்லாவற்றுக்கும் எதிரே முதலில் ‘வேண்டாம்’ என்றிருக்கும். தேவையானவற்றை மட்டும் ‘வேண்டும்’ ஆக்க வேண்டும். இன்னின்ன அண்டை இயந்திரங்களோடு பேசு, இன்னின்ன கிளைகளைப் பற்றிச் சொல் என்று இன்னொரு கோப்பில் எழுத வேண்டும். அந்தக் கோப்புகளை டப்பாவுக்கு வெளியே வைத்து உள்ளே காட்ட வேண்டும், ஏனென்றால் டப்பா நிலையானதல்ல.

“டப்பா செத்தா அழக்கூடாது சார். தூக்கிப் போட்டுட்டு அடுத்ததை எடுத்து வைக்கணும். உள்ள வெச்சதெல்லாம் அதோட போச்சு,” என்றான் டப்பா. “நீங்க உள்ள போய்க் கையால மாத்திட்டு மனசுல வெச்சுக்கற ஆளு. இங்க அந்தப் பழக்கம் ஆகாது. வெளிய எழுதிவைங்க.”

ஒருநாள் டப்பா கேபிள் தேடிக்கொண்டு அடி இழுப்பறையை இழுத்துவிட்டான். பழுப்புத்தாள்கள் பிரிந்து, ஸ்வெட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. அடியில் உள்ளங்கை அகலம். மேலே போகப்போகப் பெரிசு. ஒரு குழந்தை அந்த இழுப்பறைக்குள்ளேயே வளர்ந்தது மாதிரி இருந்தது.

“என்ன சார், கடை போடப்போறீங்களா?”

“அக்கா பொண்ணுக்கு. குடுக்கணும்.”

டப்பா அடியில் கிடந்ததை எடுத்துத் தன் கட்டைவிரலில் மாட்டிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், ரூட்டுவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான். மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்து, கேபிளை எடுக்காமலே இழுப்பறையை மூடினான்.

அம்மா குளியலறையில் மயங்கி விழுந்தது அந்தச் சமயத்தில்தான். மருத்துவர் அவள் கேட்கும்படியாகவே சொன்னார்: இதயம் களைத்திருக்கிறது, பகலில் தனியாக விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் முடிவைச் சொன்னாள். ரொம்ப நாளாகத் தயாராக வைத்திருந்த மாதிரி இருந்தது.

“நான் அவ வீட்ல போய் இருந்துக்கறேன். பகல்ல குட்டி இருக்கும். பேச்சுத் துணையாச்சு.”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “திடீர்னு எப்படிம்மா?”

“என்ன திடீர்? அவதான் வா வான்னு எத்தனை தடவை சொல்லியனுப்பிட்டா. நான்தான் வீம்பு பிடிச்சேன். போற காலத்துல என்ன வீம்பு.”

வா என்று சொல்லியனுப்பியதும் அவன் கைச்சரக்குதான். ஒரு குளிர்காலத்தில், அம்மா காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது சொன்னது. அப்போது அது மாத்திரை மாதிரி வேலை செய்தது.

“இந்த வேலை ஒண்ணு இருக்கும்மா. பெட்டியெல்லாம் மாத்தறோம். அது முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்.”

“எப்ப முடியும்?”

“அடுத்த வாரம்.”

அந்த வாரம் அவன் அக்கா வீட்டுக்குப் போனது ஒரே முடிவோடு. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, காலைப் பிடித்தாவது சம்மதிக்கவைப்பது. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். குட்டி தரையில் படுத்து யானைக்கு நீல நிறம் அடித்துக்கொண்டிருந்தது.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?”

“ஒண்ணுமில்லக்கா. வேலை.”

“எப்பப் பாரு வேலை. உடம்பைப் பாத்துக்கோ.”

பேரைக் கொண்டுவந்தால் நீயும் வராதே. அந்த வாக்கியம் வாசற்கதவுக்குப் பின்னால் குடை மாதிரி மாட்டித் தொங்கிக்கொண்டே இருந்தது. அவன் தேநீரைக் குடித்தான். யானைக்குக் காது சின்னதாக இருக்கிறது என்று குட்டியிடம் சொன்னான். எழுந்து வந்துவிட்டான். அம்மா கேட்டபோது, “சந்தோஷப்பட்டா,” என்றான். வேறு என்ன சொல்வது என்று அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

மாற்றும் வேலைக்கு விடுமுறை நாளின் பகலைத் தேர்ந்தெடுத்தார்கள். கிளைகளில் கூட்டம் குறைவு. இயந்திர அறைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. வாசலில் இருந்த தட்டில் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவனிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும்.

ரூட்டு டீமன்களை எழுப்பினான். ஒவ்வொரு அண்டை இயந்திரமாகப் பேச்சுக்கு வந்தது. கிளைகளுக்கான வழிகள் பட்டியலில் வரிசையாக ஏறின. டப்பாவுக்குள் இருந்தபடியே ஒவ்வொரு கிளையையும் கூப்பிட்டுப் பார்த்தான். ஒவ்வொன்றும் உடனே பதில் சொன்னது. எல்லாம் பச்சை.

“வேலை முடிஞ்சது. பழைய பெட்டியைப் பிடுங்கிடலாமா?” என்று கத்தினான் டப்பா.

பிடுங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த உள்தொலைபேசி அடித்தது. ஒரு கிளையிலிருந்து: முடிவுகள் போகவில்லை. பிறகு இன்னொரு கிளை. பிறகு வைக்க வைக்க அடித்துக்கொண்டே இருந்தது.

ரூட்டு திரையைப் பார்த்தான். எல்லாம் பச்சை. அண்டையர் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வழிகள் இருந்தன. மறுபடி டப்பாவுக்குள் இருந்து கூப்பிட்டான்; பதில் வந்தது. ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு அனுப்பினால் மட்டும், புறப்பட்டது தெரிந்தது, இவர்களிடம் வந்தது தெரிந்தது, அப்புறம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பிழை என்றும் ஒன்று வரவில்லை. கிணற்றில் போட்ட கல்லுக்குச் சத்தமாவது உண்டு.

“உங்க வழியில தப்பா, என் டப்பாவுல ஓட்டையா?” டப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

கோப்புகளை வரிவரியாகப் படித்தான். டீமன்களை நிறுத்தி எழுப்பினான். டப்பாவையே தூக்கிப் போட்டுப் புதிதாக வைத்தார்கள். பச்சை. எல்லாம் பச்சை. நெடுநேரம் கழித்து டப்பாதான் கையிலிருந்த பேனாவால் நெற்றியில் தட்டிக்கொண்டே சொன்னான்: “சார், நாம டப்பாவுக்குள்ள நின்னுதானே கூப்பிட்டுப் பாத்தோம்? டப்பாவுக்குப் பதில் வருது. சரி. டப்பா வழியா அடுத்தவங்களது ஒண்ணாச்சும் போச்சான்னு பாக்கவே இல்லையே?”

ரூட்டு நிமிர்ந்தான். பழைய பெட்டி கடத்துவதற்கென்றே பிறந்தது. ஒரு பக்கம் வந்ததை மறுபக்கம் விட வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. டப்பாவோ சாதாரணக் கணினியின் வயிற்றில் பிறந்தது. சாதாரணக் கணினி தன் பேருக்கு வந்ததை வாங்கிக்கொள்ளும், பிறர் பேருக்கு வந்ததைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அதை மாற்ற உள்ளே ஒரு சின்ன அமைப்பு உண்டு. பூஜ்யம் இருந்தால் கடத்தாது, ஒன்று இருந்தால் கடத்தும். தேடிப் பார்த்தான். பூஜ்யம் இருந்தது. டீமன் ஊரெல்லாம் என் வழியாக வா, என் வழியாக வா என்று கூவிக்கொண்டிருந்தது. நம்பி வந்ததையெல்லாம் டப்பா விழுங்கிக்கொண்டிருந்தது.

ஒன்று என்று மாற்றினான். வெளியே இருந்த கோப்பிலும் எழுதினான். தொலைபேசி அடிப்பதை நிறுத்தியது.

“இவ்வளவுதானா சார்! ஒரு எழுத்தை மாத்தியிருந்தா முடிஞ்சிருக்கும்!” டப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். ரூட்டுவின் விரல் இன்னும் விசைமேல் இருந்தது.

வெளியே வந்து தட்டிலிருந்து கைப்பேசியை எடுத்தான். தவறிய அழைப்புகள். அம்மா, அம்மா, அம்மா. கடைசியாக அக்கா. முதலில் அம்மாவைக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. அக்கா முதல் மணியிலேயே எடுத்தாள்.

“உங்கம்மா வந்திருந்தாங்க.”

அவன் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினான்.

“வாசல்ல பையோட நிக்கறாங்க. நீ கூப்பிட்டியே வந்துட்டேன்னு சிரிக்கறாங்க. நான் எப்படா கூப்பிட்டேன்? குட்டிக்கு இந்தத் தடவை பின்னினது கழுத்து பிடிக்குதான்னு கேக்கறாங்க. எந்த ஸ்வெட்டர்டா? எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க என்ன சொல்றீங்க, நான் எதுவும் சொல்லியனுப்பலையேன்னேன்.”

“அக்கா...”

“இரு. நான் வெரட்டலடா. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறவங்கள வெரட்ட நான் என்ன மிருகமா? உள்ள வாங்கன்னேன். கையைக்கூடப் பிடிச்சேன். அவங்கதான் வரல. ‘கூப்பிடாத வீட்டுக்கு வந்துட்டேன், மன்னிச்சுக்கோ’ன்னுட்டு இறங்கிட்டாங்க. என்னை... என்னைப் போய் மன்னிச்சுக்கோன்னாங்கடா.” அக்கா மூக்கை உறிஞ்சினாள். “நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. நீ கேக்கவே இல்லையே. என்ன பண்ணிவெச்சிருக்கே நீ?”

அவன் போய்ச் சேர்ந்தபோது, அக்கா வீட்டுத் தெருமுனையிலேயே, பேருந்து நிறுத்தத்தின் சிமெண்ட் பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பை மடிமேல் இருந்தது. வெயில் அவள் பாதத்தைத் தாண்டி முழங்கால்வரை ஏறியிருந்தது; நகர்ந்து உட்காரத் தோன்றவில்லை போலும். பேருந்துகள் நின்று நின்று போயிருக்க வேண்டும். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் திரும்பவில்லை.

“போன் பண்ணேன். நீ எடுக்கல.”

“உள்ள கொண்டுபோகக் கூடாதும்மா.”

“ம்.”

ஒரு லாரி போயிற்று. தூசி அடங்கும்வரை அம்மா காத்திருந்தாள்.

“முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டது?”

அவன் தரையைப் பார்த்தான். “நான்தான்.”

“கண்ணுக்கு டாக்டர்கிட்டப் போகச் சொன்னது?”

“நான்தான்மா.”

“காய்ச்சல்ல கெடந்தப்ப, வந்து எங்கூட இருங்கன்னது?”

“நான்தான்.”

“குட்டி என்னை மாதிரியே கன்னத்துல குழி விழச் சிரிக்குதுன்னது?”

“அது... குழி விழும்மா. நெஜமாவே விழும். ஆனா அக்கா சொல்லல.”

அம்மா ஒவ்வொன்றாக எடுத்தாள். அவனே மறந்துபோனவையெல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்தன. எந்த வாரம், என்ன சொல், எந்தத் தொனி. பின்னியதைப் பிரிக்கிறவள் மாதிரி, நிதானமாக, ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். கோபமிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“அந்தத் துணியெல்லாம் எங்க?”

“ஆபீஸ்ல. இழுப்பறையில. ஒண்ணையும் தூக்கிப் போடலம்மா.”

“பூச்சி அரிச்சிடும்,” என்றாள். பிறகு, “தாழ்ப்பாள்?”

அவன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். “அது நெஜம்மா! அது அவளேதான் கேட்டா. கதவை இழுத்துட்டு, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டே கேட்டா. சத்தியமாம்மா. அது மட்டும் அவ.”

அம்மா முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். காய்ச்சல்காரக் குழந்தையின் உளறலைக் கேட்கும்போது பார்ப்பது போலப் பார்த்தாள்.

“சரி,” என்றாள்.

“அம்மா, வேணும்னா அக்காவையே கேளு. இதோ ரெண்டு வீடு தள்ளித்தான். இப்பவே போய்...”

“சரிடா. நான் நம்பறேன்.” அவன் கையை லேசாகத் தட்டினாள். “அதை மட்டும் நல்லா ஜோடிச்சிருந்தே. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுது.”

பேருந்து வந்தது. அவன் பையை வாங்கிக்கொண்டான். மேலாக ஒரு ஸ்வெட்டர் இருந்தது, பாதி பின்னியது, ஊசிகள் குத்தியபடி. ஜன்னலோர இருக்கையை அம்மாவுக்கு விட்டான். அவள் வெளியே பார்க்கவில்லை. முன்னிருக்கையின் முதுகில் யாரோ கீறிவைத்திருந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கைப்பேசி அவன் சட்டைப்பையில் அதிர்ந்தது. அக்கா. எடுத்து அம்மாவிடம் நீட்டினான்.

“அக்காம்மா. நீயே பேசு.”

அம்மா ஒளிரும் அந்தப் பேரைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை. “நீயே பேசிட்டு, என்ன சொன்னான்னு சொல்லு,” என்றாள். கேலியாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. அதிர்வு நின்றுபோகும்வரை அவன் கை நீட்டியபடியே இருந்தது.

மூன்று மாடி ஏற வெகுநேரமாயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். உள்ளே வந்ததும் வழக்கம்போல அவளே கதவைச் சாத்தித் தாழைப் போட்டாள். கை கைப்பிடிக்குப் போயிற்று. சின்னவன் செருப்பைக் கழற்றாமல் இழுத்துப் பார்க்கும் அந்தச் சத்தத்துக்காகக் காத்து நின்றான், ஒரு தடவையாவது கேட்கட்டும் என்று.

அம்மா கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.